பவுச் மாட்டும் முன் போனின் முதுகைப் பாருங்கள்

புது போன் வாங்கிய அன்று நம் ஊரில் நடப்பது இதுதான். பெட்டியைப் பிரித்த கையோடு கடைத் தம்பி திரைக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டுவார், பவுச் மாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்போம். அந்தப் பொட்டும் பவுச் மேல்தான். போனின் முதுகையும் விளிம்பையும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் சில மாதம் கழித்து பவுச் மஞ்சளடித்துப் போய், புதுசு மாற்றலாம் என்று கழற்றும்போது மூலையில் பெயிண்ட் உரிந்திருக்கும். "வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கணும்" என்று பில்லோடு சர்வீஸ் சென்டருக்கு வந்து நிற்பார்கள்.

கிருஷ்ணகிரியில் அப்படியொரு சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். பழுது பார்ப்பதைவிட இந்தப் பஞ்சாயத்துக்குத்தான் அதிக நேரம் போகிறது. போன வாரம் பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் காலேஜ் படிக்கும் மகளும் வந்தார்கள். சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் ஃப்ரேமில் நகக்கண் அளவுக்கு நிறம் போயிருந்தது. மற்றபடி போன் ஜம்மென்று ஓடுகிறது. "ஒரு வருஷம் வாரண்ட்டின்னு சொல்லித்தானே வித்தீங்க? மாத்திக் குடுங்க" என்கிறார். விற்றது நான் இல்லை, கடை வேறு, சர்வீஸ் வேறு என்று சொல்லவே அவர் விடவில்லை. இருட்டில் தடவித் தடவி சார்ஜர் குத்தினால் அந்த இடத்தில்தான் நிறம் போகும் என்று சொன்னபோது கவுண்டரைத் தட்டினார். பின்னால் டோக்கனோடு நின்றவர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் மகள்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சரி, வாரண்ட்டி எதற்கு? தயாரிப்பில் நேர்ந்த குறைக்கு. போன் ஒரு வருஷமும் புது மெருகு குலையாமல் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைப் படித்துப் பாருங்கள். கீறல், நசுங்கல், பழக்கத்தில் தேய்வது எதுவும் சேராது என்று ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் எழுதியிருக்கும். ஆப்பிளின் தாளில் அதோடு ஒரு விலக்கும் இருக்கிறது: பொருளிலோ செய்நேர்த்தியிலோ இருந்த குறையால் அது வந்திருந்தால் வாரண்ட்டி உண்டு. சண்டை எல்லாமே அந்த ஒரு வரியில்தான். யாரால் வந்தது? ஸ்பீக்கர் நின்றுபோனால், சார்ஜ் ஏறாவிட்டால் அதை நானே கண்டுபிடித்து எழுதிவிடுவேன், சோதனைக்குக் கருவி இருக்கிறது. வெளித்தோற்றக் குறைக்கு அப்படி எதுவும் கிடையாது. முதல் நாள் எடுத்த போட்டோ ஒன்றுதான் சாட்சி, அதை யாரும் எடுப்பதில்லை.

விலை குறைந்த போனில்தான் இந்தத் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2012இல் கறுப்பு ஐபோன் 5 வந்தபோது, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே விளிம்பில் வெள்ளி தெரிகிறது என்று உலகம் முழுக்கப் புகார். அலுமினியம் என்றால் கீறும், உள்ளே இருக்கும் நிறம் தெரியும், அது இயல்புதான் என்று ஆப்பிள் தரப்பில் பதில் வந்தது. 2016இல் ஐபோன் 7இன் ஜெட் பிளாக் நிறத்துக்கு, இதில் நுண்கீறல் விழலாம், கவலைப்படுபவர்கள் பவுச் போட்டுக்கொள்ளுங்கள் என்று விற்கும்போதே இணையதளத்தில் சொல்லிவிட்டார்கள். 2025இல் ஐபோன் 17 புரோ மறுபடி அலுமினியத்துக்கு வந்ததும் கேமரா மேட்டின் விளிம்பில் நிறம் உதிர்கிறது என்று அதே கதை. அலுமினியத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சி நிறப் படலம் உண்டாக்கும் வேலைக்கு அனோடைசிங் என்று பெயர். அதில் வரும் படலம் கெட்டிதான், ஆனால் மிக மெல்லியது, கூர்மையான விளிம்பில் சீக்கிரம் உதிரும். நம் ஓசூர் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது. சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது அங்கே வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் போனில் பெரும்பாலும் அந்த அலுமினியமும் இல்லை. பிளாஸ்டிக் ஃப்ரேம், மேலே உலோகம் மாதிரி மின்னும் பெயிண்ட், அவ்வளவுதான்.

இப்போது எனக்குத் தலைவலி வரவைக்கும் கேள்விக்கு வருகிறேன். "பவுச் போட்டுத்தான் வெச்சிருந்தேன், அப்புறம் எப்படி சார் கீறும்?"

கீறும். பவுச் போட்டதால்தான் கீறும். பவுச் செய்யும் வேலை விழும்போது அடி வாங்குவது. தூசியைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. உள்ளே போன தூசியை வெளியே விடாமல் பிடித்து வைப்பதிலும் அது கெட்டி. நம் மாவட்டத்தில் எங்கே பார்த்தாலும் கிரானைட் குவாரி, கட்டிங் பட்டறை. ஊரைச் சுற்றி ஹைவே, ராத்திரி பகலாக லாரி. காற்றில் வருவது வெறும் மண் இல்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது, எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. போன் கண்ணாடி 6இலேயே கீறல் வாங்கத் தொடங்கி, 7இல் கோடு ஆழமாக விழும். சட்டைப் பையில் கிடக்கும் சாவிக்கு அவ்வளவு கடினம் கிடையாது. சாவியைப் பார்த்துப் பயப்படுகிறோம், கண்ணுக்குத் தெரியாத மணலை விட்டுவிடுகிறோம்.

அந்தத் தூள் கேமராத் துளை வழியாக, சார்ஜர் துளை வழியாக, பட்டன் இடுக்கு வழியாக பவுச்சுக்குள் போகிறது. கைவேர்வையும் சேர்கிறது. வண்டியில் போகும்போது, நடக்கும்போது, மேஜையில் வைத்து எடுக்கும்போது என்று போனும் பவுச்சும் உரசிக்கொண்டே இருக்கின்றன. கிரானைட் பலகைக்குப் பாலிஷ் போடத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்களே, அதே வேலைதான் உள்ளே நடக்கிறது, ஒரே வித்தியாசம் இங்கே மெருகு போகிறது. லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தடம் அப்படியே தெரியும். பவுச்சின் உள்விளிம்பு எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கே மட்டும் தேய்ந்திருக்கும்: நான்கு மூலை, வால்யூம் பட்டனின் ஓரம், கேமராவைச் சுற்றி ஒரு வளையம். ஜகதேவி பக்கம் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் இதற்காகச் சத்தம் போட்டபோது, அவருடைய பவுச்சைக் கழற்றி, போனை வாங்கும்போது நாங்கள் எழுதும் ஜாப் ஷீட்டின் பின்பக்கத்தில் தட்டினேன். சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அது என்ன கல் என்று அவரே சொன்னார்.

பவுச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் ஒருமுறை கழற்றுங்கள். பவுச்சைத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், போனை ஊதிவிட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். பட்டறையில் வேலை, ரோட்டு வேலை, வண்டி ஓட்டுகிறவர் என்றால் இன்னும் அடிக்கடி. இதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

இவ்வளவு சொன்னதால் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமான ஃபினிஷிங் குறையோடும் போன் வரத்தான் செய்கிறது. அதைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அடி பட்ட இடத்தில் நிறம் போனதோடு உலோகமும் மழுங்கியிருக்கும், நகத்தால் வருடினால் தட்டும், பெரும்பாலும் மூலையில் இருக்கும். பூச்சே சரியாகப் பிடிக்காத போனில் அடியில் பள்ளமே இருக்காது. சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பி, செதில் செதிலாகப் பல இடத்தில் உரியும், எதுவும் படாத நடு முதுகிலும் உரியும். கேமரா கண்ணாடிக்கு உட்புறம் தூசி, திரைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் அகன்ற இடைவெளி, பெயிண்டுக்கு அடியில் சிக்கிய நார், பின்பக்கத்துக்கும் ஃப்ரேமுக்கும் ஒட்டாத நிறம், இவையெல்லாம் நீங்கள் செய்திருக்க முடியாதவை. இப்படி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் ஊசிமுனைப் புள்ளிக்கெல்லாம் மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிப்பிட்ட வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்தில் வைத்துச் சில நொடி பார்த்தால் தெரிகிறதா என்று கம்பெனிகள் ஒரு வரையறை வைத்திருக்கும். முன்பக்கத்துக்குக் கடுமை, அடிவிளிம்புக்குக் கொஞ்சம் தளர்வு. அந்த வரையறைக்குள் வருவதை நான் எத்தனை போட்டோ எடுத்து அனுப்பினாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகமான நாளில் கவுண்டரில் இருப்பவர் பார்த்த மாத்திரத்தில் 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்று டிக் அடித்துவிடுவார். மூலையில் கீறல் இருக்கிறது என்பதற்காக மைக் வேலை செய்யாததற்கும் வாரண்ட்டி இல்லை என்று சொல்கிற இடங்களும் இருக்கின்றன. இந்தக் கீறலால்தான் மைக் போனது என்பதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் மைக்குக்கு வாரண்ட்டி வேண்டும் என்று நின்று கேளுங்கள்.

வாங்கும் அன்று செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. டெம்பர் தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பெட்டியின் சீலை உடைப்பதிலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள். கூட யாராவது இருந்தால் அவர்கள் கையில் பழைய போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். உறையைக் கழற்றி, டியூப்லைட் வெளிச்சத்தில் போனைச் சாய்த்துச் சாய்த்து ஆறு பக்கமும் பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் அடையாள எண்), பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். கைப்பட எழுதிய துண்டுச்சீட்டு பில் ஆகாது, ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். குறை கண்ணில் பட்டால் அங்கேயே பேசுங்கள், கடை வாசலைத் தாண்டினால் கதை மாறிவிடும். ஆன்லைனில் வாங்கினால், பிரித்துக் காட்டி டெலிவரி செய்யும் வசதி இருக்கும்போது ஓ.டி.பி. சொல்வதற்கு முன் பார்த்துவிடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வதற்கான கெடு தளத்துக்குத் தளம் வேறு. பல இடங்களில் முதலில் எங்களிடம் வந்து குறை இருக்கிறது என்று சர்டிபிகேட் வாங்கி வரச் சொல்வார்கள். ஆகவே கெடு முடியும் நாள் சாயங்காலம் வந்து நிற்காதீர்கள், தயவுசெய்து. சில பிராண்டுக்கு இங்கே சென்டரே இருக்காது, சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும்.

வளைந்த திரைக்குத் திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கில் இறுக வைத்து யூ.வி. டெம்பர் ஒட்டுகிறார்களே, அந்தப் பசை ஸ்பீக்கர் வலையிலும் பட்டன் இடுக்கிலும் இறங்கிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுக்கும் பிளேடு ஃப்ரேமிலும் கோடு போடும். தின்னர், பெட்ரோல், ப்ளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் போன் மேல் காட்டாதீர்கள். ஈரத் துணி போதும். கடையில் சேர்த்து விற்கும் பாதுகாப்புத் திட்டத்தை நம்பியும் இருக்க வேண்டாம், போன் ஓடுவதைப் பாதிக்காத கீறல் பெரும்பாலானவற்றில் சேராது.

உண்மையான குறை இருந்தும் சர்வீஸ் சென்டரில் கையை விரித்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை வைத்து எதுவும் செய்ய முடியாது. முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். குறையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாதென்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த வீடியோவும் ஜி.எஸ்.டி. பில்லும் இல்லாமல் அங்கே போய் நின்றால் மட்டும் என்ன சொல்வீர்கள்?

எங்களிடம் போனைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் 'கண்டிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். கீறலே இல்லாத போனுக்கும் பழக்கதோஷத்தில் 'ஸ்க்ராட்ச் உண்டு' என்று எழுதிவிடுவார்கள். பட்டன் வேலை செய்யவில்லை என்று கொடுத்த போன் புதுக் கீறலோடு திரும்பி வந்தால் அப்புறம் நீங்கள் வாய் திறக்க முடியாது. தப்பாக இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லி, சரியாக எழுதி வாங்கி, ஷீட்டையும் போனையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றிவிட்டு, படங்களை வேறெங்காவது ஏற்றிவிட்டுக் கொடுங்கள். பவுச்சையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், அது காணாமல் போனதற்கும் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள்.