கல்யாணமாகி ஊர் மாறினால் ஓட்டு எங்கே? பெண்களின் வாக்குரிமையும் பட்டியல் விதிகளும்

18 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு. மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி யாரையும் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்கிறது 325ஆம் பிரிவு. மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர்கள், தேர்தல் குற்றங்களுக்காகத் தகுதியிழந்தவர்கள் என்று சில விலக்குகள் உண்டு. படிப்பு, சொத்து, வருமானம் எதுவும் தகுதி கிடையாது.

இது சும்மா கிடைத்ததல்ல. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அதைத் தரவில்லை. மாகாண சட்டசபைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. சென்னை மாகாணம் 1921இல் பெண்கள் ஓட்டுப் போட இருந்த தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். ஆனால் ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதி பெண்களுக்கும் பொருந்தியது. தன் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும், சொத்துள்ளவரின் மனைவி அல்லது விதவை என்ற வகையில் வருகிறவர்களும் சேர்ந்தார்கள். கணவனின் சொத்தை வைத்து மனைவிக்கு ஓட்டா என்று அன்றைய பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. வயது வந்த எல்லோருக்கும் வேண்டும் என்றன. 1950இல் அரசியலமைப்புச் சட்டம் அவர்கள் கேட்டதையே தந்தது. அன்று வயது வரம்பு 21. அது 18 ஆனது 1989இல், 61ஆவது திருத்தத்தால்.

உரிமை வந்துவிட்டது. ஆனாலும் முதல் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை. கணக்கெடுக்கப் போனவர்களிடம் அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே எழுதப்பட்டிருந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்கவில்லை. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில்தான் இது மிக அதிகம். கண்டிப்பான முடிவுதான், ஆனால் சரியான முடிவு என்பேன். அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் தங்கள் பெயரிலேயே பதியும் நிலை வந்தது அதனால்தான்.

இன்றைய படிவம் 6, அதாவது புதிதாகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பம், அந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறது. உறவினர் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை, தாய், கணவர், மனைவி என்று யாராவது ஒருவரைக் குறிப்பிட்டால் போதும். மூன்றாம் பாலினத்தவர் குருவின் பெயரைத் தரலாம். கல்யாணமான பெண் கணவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அம்மா பெயரோடு இருக்கும் பதிவும் முழுச் செல்லுபடிதான்.

சரி, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர் என்ன செய்வது? பல பெண்களின் ஓட்டு நழுவுவது இங்கேதான். பிறந்த வீட்டில் 'இங்கே இல்லை' என்று பெயரை நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டில் இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஓட்டு, வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவானவர் மறுபடி படிவம் 6 கொடுக்கக் கூடாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 தான். தொகுதி மாறினாலும் அதே படிவம்தான். பெயர்த் திருத்தம், உறவினர் பெயர் மாற்றம், தொலைந்த வாக்காளர் அட்டைக்கு மாற்று எல்லாமே அதில் அடக்கம்.

புது முகவரிக்கு உங்கள் பெயரில் ஆவணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அதே முகவரியில் வாக்காளராக உள்ள கணவர் பெயரில் இருக்கும் கரண்ட் பில் மாதிரியான ஆவணத்தைக் கொடுக்கலாம். புதிதாகச் சேருகிறவரிடம் எந்த ஆவணமுமே இல்லையென்றாலும் வழி அடைபடுவதில்லை. அலுவலர் நேரில் வந்து விசாரித்தாக வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம், அல்லது உங்கள் பூத்துக்கான பி.எல்.ஓ.விடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

முதல்முறை வாக்காளர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 தேதிகளும் சேர்ந்து வருடத்துக்கு நான்கு வாய்ப்புகள். 17 நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

அட்டை கையில் இருக்கிறதே என்று பட்டியலைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பெயர் இல்லாவிட்டால் அட்டை இருந்தும் ஓட்டுப் போட முடியாது. பெயர் இருந்து அட்டை இல்லாவிட்டால், ஆணையம் ஏற்கும் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டிப் போட்டுவிடலாம். தொகுதியில் வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வழியில்லை. விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்கவும் விசாரிக்கவும் நாளாகும் என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் குடிபோன கையோடு படிவம் 8 கொடுத்துவிடுவது நல்லது.

வாக்காளர் பதிவு அலுவலர் விண்ணப்பத்தை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால், 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.