காய்ச்சலோடு உளறினால் அது காய்ச்சல் வேகம் இல்லை

நினைவைப் பறிகொடுத்த ஆங்கிலேய இசைக்கலைஞர் கிளைவ் வேரிங் பற்றி 2005-இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். மனைவி டெபோரா அறைக்குள் வந்தால், பல வருடம் பிரிந்திருந்தவர் போலப் பாய்ந்து வந்து கட்டிக்கொள்கிறார். டெபோரா வெளியே போய்ச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும். "இதுதான்யா காதல்" என்று ஒரு வரி, கூடவே சோகப் பாட்டு. சரி, அந்த மனிதருக்கு என்ன நோய், எப்படி ஆரம்பித்தது? அதை யாரும் கேட்பதில்லை.

ஆரம்பித்தது ஒரு தலைவலியில். 1985 மார்ச், லண்டன். பிபிசி ரேடியோ 3-இல் வேலை பார்த்த இசையறிஞர், பாடகர் குழுவை நடத்துபவர், வயது 46. முதலில் ஃப்ளூ என்றுதான் நினைத்தார்கள். உண்மையில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் மூளைக்குள் போய் மூளைக்காய்ச்சலாகி, நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸை இரண்டு பக்கமும் அழித்துவிட்டது. ஹெர்பிஸ் என்றதும் "அக்கியா டாக்டர்?" என்பார்கள். அக்கி வேறு வைரஸ். இது உதட்டோரம் கொப்புளம் போடுகிற வைரஸ். உதட்டில் கொப்புளம் வந்தவர்கள் பதற வேண்டாம். மூளைக்குள் போவது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 4 பேருக்குத்தான்.

இனி, சினிமா கெடுத்து வைத்திருக்கும் கதைக்கு வருவோம். நம் படங்களில் மறதி வந்தவனுக்குப் பெயர் தெரியாது, பெண்டாட்டி தெரியாது; ஆனால் நேற்று காலையில் என்ன சாப்பிட்டான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நிஜம் நேர்தலைகீழ். வேரிங்குக்குத் தன் பெயர் தெரியும், மனைவியைத் தெரியும், பியானோ வாசிப்பார். முந்தைய நிமிடம்தான் இல்லை. எதுவும் நினைவில் நிற்பது ஏழு விநாடி, மிஞ்சிப்போனால் அரை நிமிடம். நாட்குறிப்பில் மணி போட்டு 'இப்போதுதான் முதல் முறையாக விழித்தேன்' என்று எழுதுவார்; அடுத்த சில நிமிடத்தில் அதை அடித்துவிட்டு, புது மணி போட்டு அதையே எழுதுவார். மேலே இருப்பது தன் கையெழுத்து என்று தெரியும், எழுதியது தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பழைய நினைவிலும் பெரிய பெரிய ஓட்டைகள் உண்டு. ஆனால் அடிப்படைக் கோளாறு பழசை மறந்தது இல்லை, புதுசு ஒட்டாததுதான். பியானோ வாசிக்கும் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அந்த இடம் தப்பித்தது. தலையில் இன்னொரு அடி விழுந்தால் எல்லாம் திரும்ப வரும் என்பதும் கதைதான். செத்த செல் அடியில் பிழைக்காது.

ஆக, எதைக் காப்பாற்ற முடியுமோ அதை முதல் சில நாளில்தான் காப்பாற்ற முடியும். காய்ச்சல், தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி: சம்பந்தமில்லாத பேச்சு, கேட்டதையே கேட்பது, தெரிந்த பொருளுக்குப் பெயர் வராமல் தடுமாறுவது, இல்லாத நாற்றம் அடிப்பதாகச் சொல்வது, திடீர்க் கோபம், வலிப்பு. நடுத்தர வயதுக்காரர் 100 டிகிரியில் உளறினால் அதற்குப் பெயர் காய்ச்சல் வேகம் இல்லை. மந்திரிப்பதற்கும் தாயத்துக்கும் அப்புறம் நேரம் இருக்கிறது, தயவுசெய்து.

"சி.டி. நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். முதல் சில நாள் சி.டி. நார்மலாகவே இருக்கலாம், எம்.ஆர்.ஐ.-தான் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கும் மூளையின் வீக்கத்தைக் காட்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுங்கள். கால் விளங்காமல் போகாது. தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே இறங்குகிறது. அந்த நீரில் வைரஸைத் தேடும் பி.சி.ஆர். சோதனை முதல் மூன்று நாளில் நெகட்டிவ் வரலாம். சந்தேகம் பலமாக இருந்தால் சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

ரிசல்ட்டுக்காக மருந்து காத்திருக்கக் கூடாது. இந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர், நரம்பு வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சிறுநீரகம் சரியாக இருக்கும் 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு முறையும் 600 மில்லிகிராம். ஒரு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும், கூடவே போதுமான நீர் ஏற வேண்டும். அவசரமாக ஏற்றினால் சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறும். (நம் ஊரில் சிறு உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் இதே வேஷத்தில் வரும்; அதற்கான டாக்சிசைக்ளினையும் டாக்டர் சேர்த்து ஆரம்பித்தால் குழம்பாதீர்கள்.) ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் "மாத்திரையா எழுதிக் குடுங்க, வீட்ல போட்டுக்கறோம்" என்ற பேரம் தொடங்கும். மாத்திரையில் 15, 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். 14 முதல் 21 நாள் ஊசிதான். சிகிச்சையே இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துபோகிற நோய் இது.

காய்ச்சலே இல்லாமல் திடீரென்று "நான் எப்படி இங்க வந்தேன்?" என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டு, 24 மணி நேரத்துக்குள் தெளிகிற மறதி வகை ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல். அது ஆபத்தில்லாதது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் அல்ல. சர்க்கரை, பக்கவாதம், வலிப்பு எல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான்.

பிழைத்து மறதியோடு வீடு திரும்பியவரிடம் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்கிறார்கள். வேண்டாம். இவர்களுக்குத் தப்பாகச் சொன்ன பதில்தான் ஒட்டிக்கொள்ளும். "மாமா, நான் சீனு, மதுரையிலிருந்து வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். நடக்காததை நடந்ததாக அவர் சொன்னால் அது பொய் இல்லை. ஓட்டையை மூளை தானே அடைக்கிறது. கண்ணாடி, சாவி, மாத்திரை டப்பா ஒரே இடத்தில். கேஸ் ரெகுலேட்டர் உங்கள் கையில். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தேறி வந்தவர் சில வாரம், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி குழம்பினாலோ, கை கால் தானாக முறுக்கி ஆடினாலோ, 'பழைய நோயோட மிச்சம்' என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்க ஆரம்பிக்கும். அதற்கு வேறு மருந்து, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு அன்றைக்கே வாருங்கள்.