ஆசைப்பட்டதை முதலில் எழுதலாமா?

ஏற்காட்டு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்க்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 168.5. கருப்பூரில் இருக்கும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர், "ஆசைப்பட்டதை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், கையில் இருப்பதும் போய்விடும். கிடைக்கக்கூடியதை மேலே போடுங்கள்" என்று சொல்லிக் கருப்பூரை ஏழாவது இடத்துக்கு இறக்கிவிட்டார். இது சரியா என்று கேட்டவர், கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: "உலகத்தில் ஜனத்தொகை இப்படிப் பெருகிக்கொண்டே போனால் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே ஐயா இடம்?"

கடைசி வரியை முதலில் பார்த்துவிடுவோம். 1804 வாக்கில் 100 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. ஆனால் பெருகும் வேகம் 1960களிலேயே உச்சத்துக்குப் போய்விட்டது. அப்போது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேல். இப்போது 1 சதவீதத்துக்கும் கீழ். ஐ.நா. 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2080களின் நடுவில் சுமார் 1030 கோடியை எட்டிய பிறகு எண்ணிக்கை மெல்ல இறங்கத் தொடங்கும். வேகம் குறைந்த பிறகும் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? முந்தைய தலைமுறையில் நிறையப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்கள் இப்போது ஆளுக்கு இரண்டே பிள்ளை பெற்றாலும் தாய்மார்களின் தொகை பெரிதாக இருப்பதால் பிறப்புகளும் பெரிதாகவே இருக்கின்றன. ஏற்காட்டு மலையிறங்கும் பஸ்ஸில் பிரேக்கை மிதித்த இடத்திலேயே வண்டி நின்றுவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் பிரேக்கை மிதித்தே பல காலம் ஆகிவிட்டது. தலைமுறை அளவு குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் மாநிலத்தின் எண் 1.8. இங்கே ஆண்டுதோறும் பொறியியல் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகவே கிடக்கின்றன. ஜனத்தொகையின் நெருக்கடியை நேராகப் பார்க்க வேண்டுமானால் நைஜீரியாவைப் பார்க்க வேண்டும். அங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள்; அத்தனை பேருக்கும் போதுமான இடம் அந்த நாட்டில் இல்லை. நம் பிள்ளைகளின் சிக்கல் வேறு. எல்லாரும் ஒரே பத்துப் பதினைந்து கல்லூரிகளின் வாசலில் நிற்கிறார்கள். ஆகவே யாரை முதலில் உள்ளே விடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

இப்போது பிரவுசிங் சென்டர்காரரின் அறிவுரைக்கு வருவோம். அவர் சொன்னது தவறு.

பொறியியல் கலந்தாய்வின் அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம், மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். மதிப்பெண் சமமானால் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண். இப்படித் தரவரிசை தயாராகிறது. பட்டியலைத் திறப்பதற்கு முன்பே உங்கள் இடம் வரிசையில் முடிவாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து படிக்கிறது. முதல் விருப்பத்தில் இடமிருந்தால் கொடுக்கிறது, இல்லையென்றால் இரண்டாவதுக்குப் போகிறது. அந்த இரண்டாவதை உங்களுக்குப் பின்னால் நிற்பவர் யாரும் அதற்குள் எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அவர் முறையே இன்னும் வரவில்லை. ஏழாவதாக எழுதினாலும் முதலாவதாக எழுதினாலும், உங்கள் முறை வரும்போது கருப்பூரில் இடம் மிச்சம் இருக்குமா என்பது மாறப்போவதில்லை. ஏழாவதாக எழுதினால் ஒன்று மட்டும் நடக்கும்: மேலே இருக்கும் ஆறில் ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் கணினி அங்கேயே நின்றுவிடும். கருப்பூர் காலியாக இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது.

இவ்வளவையும் பதில் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதன் அடியில் இருக்கும் கணிதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

எல்லாருக்கும் ஒரே வரிசை என்றால் வேலை எளிது. கல்லூரிக்குக் கல்லூரி வரிசை மாறினால் என்ன செய்வது? ஐஐடி ஒரு தேர்வின் தரவரிசையைப் பார்க்கிறது, என்ஐடி இன்னொன்றைப் பார்க்கிறது. மாணவருக்கு ஒரு வரிசை, கல்லூரிக்கு இன்னொரு வரிசை. இரண்டையும் எப்படிப் பொருத்துவது? இந்தக் கேள்விக்கு 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஏழே பக்கத்தில் விடை எழுதினார்கள். அந்த ஏழு பக்கத்தின் நிரூபணத்தில் சமன்பாடு எதுவும் கிடையாது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் சாதாரண வார்த்தைகள்தான்.

நாகலூர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாங்கொட்டை, ஒரு காப்பிக்கொட்டை, ஒரு புளியங்கொட்டை, மூன்றையும் வரிசையாக வைத்தேன். மூன்றும் மூன்று கல்லூரிகள்; ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம். மூன்று துண்டுச் சீட்டுகளில் செல்வி, மணி, பாத்திமா என்று எழுதினேன். செல்விக்கும் மணிக்கும் முதல் ஆசை மாங்கொட்டை, அடுத்தது காப்பி, கடைசியில் புளி. பாத்திமாவுக்கு முதலில் காப்பி, அடுத்து மா, பிறகு புளி. மாங்கொட்டைக் கல்லூரி கணிதத்தைப் பார்க்கிறது. அங்கே பாத்திமா முதல், செல்வி இரண்டு, மணி மூன்று. காப்பிக்கொட்டை இயற்பியலைப் பார்க்கிறது. அங்கே மணி முதல், பாத்திமா இரண்டு, செல்வி மூன்று. புளியங்கொட்டை யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும்.

விதி ஒன்றுதான். மாணவர் தன் ஆசை வரிசையில் கேட்டுக்கொண்டே போக வேண்டும். கல்லூரியோ யாருக்கும் "சேர்த்துவிட்டேன்" என்று சொல்லக் கூடாது. "இப்போதைக்கு இரு" என்று மட்டும்தான் சொல்லலாம்.

சீட்டுகளை நகர்த்தும் வேலையை மேஸ்திரியின் மகளிடம் கொடுத்தேன். செல்வியும் மணியும் மாங்கொட்டைக்குப் போனார்கள். அது செல்வியை இருத்திக்கொண்டு மணியை அனுப்பியது. பாத்திமா காப்பியில் இருந்தாள். மணி அடுத்த ஆசையான காப்பிக்கு வந்தான். காப்பியின் வரிசையில் அவன்தான் முதல். ஆகவே அது பாத்திமாவை விடுவித்து மணியை இருத்தியது. பாத்திமா மாங்கொட்டைக்குப் போனாள். அங்கே அவள் செல்விக்கு முன்னால் நிற்பவள். செல்வியின் சீட்டு வெளியே வந்தது. செல்வி காப்பியைக் கேட்டாள். அங்கே மணி இருக்கிறான், அவனைத் தாண்ட முடியாது. புளியங்கொட்டையில் போய் உட்கார்ந்தாள். அதற்குமேல் யாரும் நகர வேண்டியதில்லை.

"இப்போதைக்கு இரு" என்ற அந்தச் சொல்லில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. கல்லூரி முதல் சுற்றிலேயே கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மா செல்விக்கு, காப்பி பாத்திமாவுக்கு என்று முடிந்திருக்கும். காப்பியின் வரிசையில் முதலாவதாக நிற்கும் மணி, மாங்கொட்டையை முதலில் கேட்ட ஒரே காரணத்துக்காகப் புளியில் விழுந்திருப்பான். பிரவுசிங் சென்டர்காரரின் பயம் இந்த மாதிரி முறைக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை இதுதான் நடந்தது. விவரம் தெரிந்த பெற்றோர் கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதினார்கள். விவரம் தெரியாதவர்களின் பிள்ளைகள் உண்மையான ஆசையை எழுதிவிட்டு ஏமாந்தார்கள். அதைக் கைவிட்டுத்தான் அந்த ஊர் கேல்-ஷாப்லி வழிக்கு மாறியது. இங்கே ஐஐடி, என்ஐடி இரண்டுக்கும் சேர்த்து 2015 முதல் நடக்கும் கூட்டு ஒதுக்கீடும் இதே வழியில்தான் இயங்குகிறது.

சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "சார், மணியும் பாத்திமாவும் இடத்தை மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் முதல் ஆசையே கிடைத்துவிடுமே?" என்று கேட்டாள்.

கல்லூரியில் பாடம் நடத்தும்போதுகூட எல்லா ஆண்டும் இந்தக் கேள்வி வருவதில்லை. அவள் சொன்னது உண்மை. மாற்றிக்கொண்டால் மணிக்கு மா, பாத்திமாவுக்குக் காப்பி. இருவருக்கும் சந்தோஷம், செல்விக்கு எப்படியும் புளிதான். ஏன் மாற்றக் கூடாது? மாங்கொட்டையின் வரிசையில் செல்விக்குப் பின்னால் நிற்பவன் மணி. அவனை உள்ளே விட்டால், "எனக்குப் பின்னால் நின்றவனுக்கு எப்படிக் கொடுத்தீர்கள்?" என்று செல்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இப்போதைய முடிவில் அப்படிக் கேட்க யாருக்கும் இடமில்லை. செல்விக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் மாங்கொட்டையில் இருப்பவள் அவளுக்கு முன்னால் நின்றவள். வரிசை மீறப்படவில்லை என்று கடைசி ஆள் வரை காட்ட முடிவதைத்தான் கேலும் ஷாப்லியும் நிலையான பொருத்தம் என்றார்கள்.

அவள் விடவில்லை. "அப்படியென்றால் செல்வி முதலிலேயே புளியைக் கேட்டிருக்கலாமே. அவளுக்கு நஷ்டமில்லை, மற்ற இரண்டு பேருக்கும் நல்லது."

இதுவும் சரியான கணக்குதான். செல்வி மாங்கொட்டையைக் கேட்டதால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; மற்ற இருவரும் ஒரு படி இறங்கினார்கள். கணித அறிஞர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். வரிசையை மீறாமல் எல்லாரையும் முடிந்த அளவு மேலே ஏற்றிவிடும் முறை எப்போதும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் வரும். நான் செல்வியின் பக்கம். கேட்டுப் பார்க்கும் உரிமையை மற்றவர்களின் வசதிக்காக விட்டுக்கொடு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. மலையில் இருக்கும் பிள்ளைகளிடமும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடமும்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். "உனக்கு அது எங்கே கிடைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அவர்களின் பட்டியலை நாம் திருத்திவிடுகிறோம்.

வரிசை எப்படி அமைய வேண்டும் என்பதை இந்த இயந்திரம் முடிவு செய்வதில்லை. நாம் கொடுக்கும் வரிசைக்கு அது உண்மையாக இருக்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியலிலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் வரிசையை நியாயப்படுத்த நம் சமூகம் எடுத்த முடிவுகள். ஏற்காட்டு மலையில் பொடாரன்காடு பக்கத்துப் பிள்ளையின் 168ஐயும், இரண்டு வருடம் கோச்சிங் போன பிள்ளையின் 168ஐயும் ஒரே எண்ணாகப் பார்ப்பது கணிதத்தில் சரி, வாழ்க்கையில் சரியில்லை என்பதே என் கருத்து.

கேலும் ஷாப்லியும் இதை எழுதியபோது "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பெரிய பதில் இருந்திருக்காது. திருமணப் பொருத்தத்தைப் புதிராக வைத்து யோசித்தவர்கள் அவர்கள். 1984இல் ஆல்வின் ராத் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், அமெரிக்க மருத்துவமனைகள் 1950களிலிருந்தே பயிற்சி மருத்துவர்களை ஏறக்குறைய இதே வழியில்தான் எடுத்துவருகின்றன என்று காட்டினார். 2012இல் ஷாப்லிக்கும் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008இலேயே இறந்துவிட்டார். ஐம்பது வருடம். நம் பல்கலைக்கழகங்களில் கணித ஆய்வுக்குப் பணம் கேட்டால் மூன்று வருடத்தில் என்ன பயன் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். கணிதக்காரர் கேட்பது காகிதம், கரும்பலகை, கொஞ்சம் காலம். இதையாவது கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும்.

புறப்படும்போது மேஸ்திரி, பட்டியலை வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து லாக் செய்யலாம் என்றிருக்கிறோம் என்றார். எந்த நேரத்தில் லாக் செய்தார்கள் என்பதைக் கணினி பார்ப்பதே இல்லை. கெடுவுக்குள் செய்திருந்தால் போதும். கடைசி நாளில் எல்லாரும் ஒரே நல்ல நேரத்துக்குக் காத்திருந்தால் சர்வர் திணறும், மலையில் சிக்னலும் போய்விடும் என்று சொன்னேன். பட்டியல் நீளமாக இருக்கட்டும், எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் வரிசை மட்டும் அவளுடைய ஆசை வரிசையாகவே இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் திண்ணையிலிருந்த கொட்டைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்பாவின் போனை வாங்கி, ஏழாவது வரியில் இருந்த கருப்பூர் உலோகவியலை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினாள். முதல் வரிக்கு வந்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.