ஸ்ட்ரைக்: பாய்மரத்திலிருந்து இறங்கிய சொல்

'இன்னைக்கு ஸ்ட்ரைக்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் ஸ்ட்ரைக் என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் அடித்தல். அடிப்பதற்கும் வேலையை நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம்?

இதற்குக் கப்பல்காரர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் பேச்சில் பாயை 'ஸ்ட்ரைக்' செய்வது என்றால் பாயைக் கீழே இறக்குவது. 1768-இல் லண்டனில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள், துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல்களின் மேற்பாய்களை இறக்கிவிட்டார்கள். சரக்கு ஏறியிருக்கலாம், காற்றும் தோதாக இருக்கலாம். பாய் இறங்கிய கப்பல் நகராது. அந்தச் செயலின் பெயர் பிறகு, கடலையே பார்க்காத நெசவாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

சொல்தான் 1768. செயல் அதைவிட மிகப் பழையது. ஏறத்தாழ 3,150 ஆண்டுகளுக்கு முன், எகிப்தில் மூன்றாம் ராம்செஸ் காலத்தில், அரச கல்லறைகள் கட்டிய தொழிலாளர்களுக்குக் கூலித் தானியம் வராமல் இழுத்தடிக்கப்பட்டது. அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்கள். அதைக் குறித்துவைத்த பாப்பிரஸ் சுருள் இன்றும் இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'கிரேவ்' என்பார்கள். ஆற்றோரத்து மணலும் கூழாங்கல்லும் கிடக்கும் கரைக்கு அந்தப் பெயர். பாரிஸில் சேன் ஆற்றங்கரைத் திடல் ஒன்றை அப்படி அழைத்தார்கள். வேலை தேடுகிறவர்கள் அங்கே கூடி நிற்பார்கள். வேலை கிடைக்காதவன் நின்ற இடத்தின் பெயர், கடைசியில் வேலையை மறுத்தவன் செய்கைக்குப் பெயராகிவிட்டது. ஸ்பானியர்களின் 'வெல்கா' சும்மா இருத்தல், ஓய்ந்திருத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. முதலாளி வைத்த பெயர் போல இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஸ்ட்ரைக்குக்கு ஈடு வேலைநிறுத்தம். இதில் 'நிறுத்தம்' என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நிற்பது தன்வினை, நிறுத்துவது பிறவினை. மின்சாரம் போனால் வேலை நிற்கும். மூலப்பொருள் வராவிட்டாலும் நிற்கும். வேலைநிறுத்தம் அப்படித் தானாக நேர்வதில்லை, யாரோ முடிவெடுத்துச் செய்வது. பாயும் இல்லை, ஆற்றங்கரையும் இல்லை, சோம்பல் என்ற குத்தலும் இல்லை. நடப்பதை அப்படியே சொல்கிறது. என்னைக் கேட்டால் ஆங்கிலச் சொல்லைவிட இதுவே தெளிவு.

ஒரு குறை உண்டு: நிறுத்தியது யார் என்பதைச் சொல் சொல்லாது. ஒரு தொழிற்சாலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். 'வேலைநிறுத்தம் காரணமாக ஆலை மூடப்பட்டுள்ளது' என்று அறிவிப்புப் பலகை தொங்குகிறது. முதல் வாரம் அது உண்மை. மூன்றாவது வாரம் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பத் தயார் என்கிறார்கள், ஆனால் கேட்டில் பூட்டு. சில நிபந்தனைகளில் கையெழுத்துப் போட்டால்தான் திறப்போம் என்கிறது நிர்வாகம். பலகை அதே பலகை, நடப்பது வேறு. இது கதவடைப்பு, ஆங்கிலத்தில் லாக்அவுட். செய்தி எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கும்போது எரிச்சல் வருகிறது. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்ற வழக்கே இந்த வேறுபாட்டில் தொங்கலாம்.

கடையடைப்பு வேறு: அது வியாபாரிகள் செய்வது. ஹர்த்தால் என்ற சொல்லுக்கும் கடைப்பூட்டு என்றுதான் பொருள். வேலைநிறுத்தத்தையே இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் பணிப்பகிஷ்கரிப்பு என்று பார்க்கலாம். அதையே பணிப்புறக்கணிப்பு என்றும் எழுதுகிறார்கள். விதிப்புத்தகத்தில் உள்ளதை மட்டும் அட்சரம் பிசகாமல் செய்து வேலையை நத்தை வேகத்துக்குக் கொண்டுவரும் போராட்டத்துக்கு அங்கே வழங்கும் பெயர் 'சட்டப்படி வேலை'. அழகான குறும்பு. சட்டப்படி வேலை செய்தால் வேலை ஓடாது என்ற ஒப்புதல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொரு சொல் கருங்காலி. சக தொழிலாளிகள் வெளியே நிற்கும்போது உள்ளே போய் வேலை செய்கிறவன். ஆங்கிலத்திலும் அவனுக்கு 'பிளாக்லெக்', அதாவது கறுப்புக் கால் என்றே பெயர். முதலில் சூதாட்ட ஏமாற்றுக்காரனைக் குறித்த சொல் அது. தமிழில் கருங்காலி உறுதியான ஒரு மரம். மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பும் மரம்தானே. இனத்துக்கே துரோகம் செய்கிறவனைக் கோடரிக்காம்பு என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆங்கில ஒலியும் நம் மரமும் ஒன்றுக்கொன்று தோதாக அமைந்துவிட்டதால்தான் இந்தச் சொல் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் 'ஆள் பற்றாக்குறை' என்ற பேச்சு. அமெரிக்காவில் 2021-இல் லட்சக்கணக்கானோர் மாதந்தோறும் வேலையை விட்டபோது, அதைப் பெரும் பணிவிலகல் என்றார்கள். ஒருவகை ஸ்ட்ரைக் என்றும் சிலர் எழுதினார்கள். பொருந்தாது. வேலையை விட்டவன் வேறு, வேலையை நிறுத்தியவன் வேறு. விட்டவன் தனியாகப் போகிறான், திரும்புவதில்லை. நிறுத்தியவன் கூட்டாக நிற்கிறான். அதே வேலைக்கு, மேலான நிபந்தனையில் திரும்பத்தான் நிற்கிறான்.

ஆனால் ஆள் பற்றாக்குறைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் உறவு உண்டு. ஆள் கிடைக்காத காலத்தில் கருங்காலியும் கிடைக்க மாட்டான், தொழிலாளியின் பேரம் ஏறும். பதினான்காம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் பெருந்தொகையானோர் மாண்டபின் இங்கிலாந்தில் கூலி உயர்ந்தது. 1349-இல் அரசாணையும் 1351-இல் சட்டமும் போட்டு, நோய்க்கு முந்தைய கூலியே போதும் என்றார்கள். தலைகீழாகவும் நடக்கும், வேலைநிறுத்தமே ஆள் பற்றாக்குறையில் போய் முடியும். 1981 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 48 மணி நேரக் கெடு முடிந்ததும் அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கினார். போராட்டம் முறிந்தது, அந்த இருக்கைகளைப் பயிற்சி பெற்றவர்களால் நிரப்பப் பல ஆண்டுகள் ஆயின.

அப்புறம், நம் சொல்லுக்குள் அடங்காத ஒன்று. 2018-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் பேருந்து ஓட்டுநர்கள் போராடினார்கள். பேருந்துகள் நேரத்துக்கு ஓடின, நிறுத்தத்தில் நின்றன, பயணிகள் ஏறி இறங்கினார்கள். ஓட்டுநர்கள் கட்டணம் மட்டும் வாங்கவில்லை. ஆங்கிலச் செய்திகள் இதையும் ஸ்ட்ரைக் என்றே எழுதின. பாயை இறக்கிய சொல் எதையும் சுமக்கும். தமிழில் வேலைநிறுத்தம் என்றால் பொய்யாகிவிடும், வேலை நிற்கவே இல்லையே. கட்டண மறுப்பு என்றால் பயணிகள் கொடுக்க மறுத்தது போல ஒலிக்கும். நான் எழுதினால் வசூல்நிறுத்தம் என்று எழுதுவேன்.