அப்போப்டோசிஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

உறவுக்காரப் பெண் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு மருந்துத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய கணவருக்கு நாள்பட்ட நிணநீரணு இரத்தப் புற்று. புதிதாக மாத்திரை தொடங்கியிருந்தார்கள். தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "அண்ணா, இதைச் சாப்பிட்டா அவருக்குத் தப்பான எண்ணம் ஏதும் வருமா?" என்று கேட்டார். வரி இதுதான்: "இம்மருந்து புற்றுநோய் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது."

"அது அவரைப் பத்தி இல்லம்மா, அந்த ரத்த அணுவைப் பத்தி" என்று சொல்லிப் புரியவைத்தேன். புரிந்தது, ஆனால் முகம் தெளிய நேரமாயிற்று. மனம் சோர்ந்து தவறான எண்ணங்கள் வரலாம் என்று சில மருந்துகளின் தாள்களில் உண்மையாகவே எச்சரிக்கை இருக்கும். அப்படியிருக்க, அவர் பயந்ததில் என்ன தவறு? தவறு அந்தத் தமிழில் இருக்கிறது. உடலின் உயிரணு (செல்) ஒன்று கட்டுக்கோப்பாகச் சாவதற்கு அறிவியலில் அப்போப்டோசிஸ் என்று பெயர். செல் தற்கொலை, உயிரணுத் தற்கொலை, அணுக்களின் தற்கொலைப் படை என்று எத்தனையோ வடிவங்களில் இதைத் தமிழில் படித்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'அப்போ' என்றால் விலகி, 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். மேல் இமை தொய்ந்து விழுவதற்கு மருத்துவத்தில் டோசிஸ் என்று பெயர், அதே சொல்தான். ஆஸ்திரேலிய நோய்க்குறியியல் அறிஞர் ஜான் கெர், எலியின் கல்லீரலில் அணுக்கள் வீங்கி வெடிக்காமல் சுருங்கிச் சாவதைக் கண்டு, முதலில் 'சுருங்கு நசிவு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார். பிறகு ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வைலி, கரி ஆகியோருடன் சேர்ந்து 1972-இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயரைக் கைவிட்டு அப்போப்டோசிஸ் என்றார். சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல் என்று கட்டுரையிலேயே அடிக்குறிப்பும் போட்டார்கள். இரண்டாவது 'ப்' ஒலிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்; அதை இன்று பலர் பொருட்படுத்துவதில்லை.

உதிர்தல் என்ற பொருளுடைய சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது 'தற்கொலை' எங்கிருந்து முளைத்தது? கிரேக்கத்திலிருந்து வரவில்லை, அந்த 1972 கட்டுரை வைத்த பெயரிலிருந்தும் வரவில்லை. ஆங்கிலத்தில் அறிவியலாளர்களும் பொதுமக்களுக்காக எழுதுபவர்களும் பின்னால் பயன்படுத்திய உவமை அது. நாம் மூலச்சொல்லை விட்டுவிட்டு அந்த உவமையை மொழிபெயர்த்தோம்.

உவமையாகவாவது அது சரியா என்று பார்ப்போம். தற்கொலை என்றால் முடிவெடுப்பவர், செய்பவர், சாகிறவர் மூவரும் ஒருவரே. நம் உடலின் அணுக்கள் பலவற்றில் அப்படி நடப்பதில்லை. அங்கே ஓர் அணு இருப்பதும் போவதும் அதைச் சுற்றியிருப்பவை அனுப்பும் சமிக்ஞைகளைப் பொறுத்தது. 'இரு, இரு' என்று சொல்லும் மூலக்கூறுகள் வெளியிலிருந்து வந்து அணுவின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்திக்கொண்டே இருக்க வேண்டும். அவை நின்றால், யாரும் தாக்காமலேயே அணு போய்விடும். அணுக்கள் உயிரோடிருக்க மற்ற அணுக்களின் சமிக்ஞை வேண்டும் என்ற கருத்தை உயிரியலாளர் மார்ட்டின் ராஃப் 1992-இல் வலுவாக முன்வைத்தார்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இது கண்ணாடிபோலத் தெரியும். தொற்று வந்தால் அதற்குரிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பல்கிப் பெருகுகின்றன. இன்டர்லியூக்கின்-2 போன்ற மூலக்கூறுகள் அவற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன. தொற்று அடங்கியதும் அந்த ஊட்டம் வற்றுகிறது. பெருகியவற்றில் பெரும்பகுதி உதிர்ந்துபோய், நினைவணுக்களாகச் சிலவே தங்குகின்றன. தைமஸ் சுரப்பியில் வளரும் இளம் டி செல்களின் கதையும் இப்படித்தான். அவற்றின் ஏற்பி உடலின் அடையாளப் புரதங்களோடு ஓரளவாவது பொருந்தினால்தான் பிழைக்கச் சொல்லும் சமிக்ஞை கிடைக்கும். பொருந்தாதவை கவனிப்பாரில்லாமல் போகின்றன. உடலின் சொந்தப் பொருளோடு மிக இறுக்கமாகப் பொருந்துபவை, பின்னால் உடலையே தாக்கும் என்பதால், நீக்கப்படுகின்றன. 100-இல் 95-க்கும் மேல் இப்படிப் போய்விடுகின்றன. கவனிப்பாரில்லாமல் போனதைத் தற்கொலை என்று எந்த மனதோடு எழுதுவது?

இன்னொரு வகை இருக்கிறது. கொல்லும் டி செல் ஒன்று, வைரஸ் புகுந்த அணுவோடு ஒட்டி நின்று, அதன் சவ்வில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்துகிறது. அல்லது தன் மேலுள்ள ஃபாஸ் இணைப்பு மூலக்கூறால் அந்த அணுவின் ஃபாஸ் ஏற்பியைத் தொடுகிறது. தொட்டதும் உள்ளே காஸ்பேஸ் நொதிகள் ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டு, அணுவைக் கட்டுக்கோப்பாகப் பிரித்துப்போடுகின்றன. வெட்டும் கத்தி அணுவுடையது, உத்தரவு வெளியாருடையது. ஃபாஸ் ஏற்பியின் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு நிணநீர்க் கணுக்கள் வீங்கும். உடல் தன் இரத்த அணுக்களையே தாக்கும். போகவேண்டிய அணுக்கள் போகாமல் தேங்குவதால் வரும் நோய் அது. தற்கொலை என்ற சொல்லால் இதை விளக்க முயன்றால், 'தற்கொலை செய்துகொள்ளாததால் வந்த நோய்' என்று எழுதவேண்டி வரும். தமிழ் தெரிந்த யாருக்கும் அந்த வரி நெருடும்.

சரி, 'உதிர்வு' பொருந்துகிறதா? எதிர்பார்த்ததைவிடப் பொருந்துகிறது. ஒரு செடியில் இலையின் தகட்டை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் காம்பை அப்படியே விட்டுவையுங்கள். சில நாளில் காம்பு மஞ்சளாகும். அடிப்பகுதியில் மெல்லிய கோடுபோல ஒரு பிரிவு தெரியும். விரல் பட்டாலே கழன்று விழும். வெட்டிய முனையில் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் கலந்த களிம்பைத் தடவினால் அதே காம்பு இன்னும் பல நாள் பிடித்துக்கொண்டிருக்கும். இலைத்தகட்டிலிருந்து காம்பு வழியே ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஆக்சின்தான் இலையைக் கிளையோடு வைத்திருக்கிறது. அது குறையும்போது எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் பேச்சு எடுபடுகிறது, காம்பின் அடி தளர்கிறது. இலை உதிர்வதும் அணு சாவதும் ஒரே வேதிவினை இல்லை. ஆனால் 'சமிக்ஞை வரும்வரை பிடிமானம், நின்றதும் விடுதலை' என்ற அமைப்பு ஒன்றேதான்.

நுண்ணோக்கியில் தெரிவதும் சருகின் கதைதான். அணு சுருங்கி அக்கம்பக்கத்திலிருந்து விலகுகிறது. உட்கருவின் மரபுப்பொருள் இறுகித் திட்டுத்திட்டாகிறது. சவ்வில் கொப்புளங்கள் எழும்புகின்றன. கடைசியில் அணு சவ்வு மூடிய சிறு பொட்டலங்களாகச் சிதறுகிறது. வழக்கமாகச் சவ்வின் உட்புறம் இருக்கும் பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்புறம் திரும்பி, 'என்னை விழுங்கு' என்று விழுங்கணுக்களுக்குச் சொல்கிறது. பொதுவாக அழற்சி இல்லை, தழும்பு இல்லை. நசிவு (நெக்ரோசிஸ்) என்ற இறப்பில் அப்படியல்ல: அணு வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைக் கொட்டி, சுற்றிலும் அழற்சியைக் கிளப்பும். இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் கெர் புதுச்சொல்லே தேடினார்.

புற்றுநோய்க்கு வந்தால் 'உதிர்வு' தரும் தெளிவு இன்னும் கூடுகிறது. ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிவிடுகின்றன. அதனால் பிசிஎல்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி உண்டாகிறது. இந்தப் புரதம் அணுக்களைப் பெருகவைக்கிறது என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். 1988-இல் டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் காட்டியது வேறு: பிசிஎல்-2 அணுக்களைச் சாகவிடாமல் பிடித்துவைக்கிறது. பழுத்தும் விழாத இலை அது. கிளையில் புதிது துளிர்ப்பது மட்டும் புற்று இல்லை, பழையது உதிராமல் அடைவதும் புற்றுதான் என்று அப்போது தெரிந்தது. என் உறவுக்காரர் சாப்பிடும் வெனிடோகிளாக்ஸ் பிசிஎல்-2-இன் பிடியில் புகுந்துகொள்ளும் மருந்து. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது.

மற்ற மொழிபெயர்ப்புகளையும் எடைபோடவேண்டும். 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' தவறான தொடர் இல்லை, ஆனால் அது வேறு சொல்லுக்கு உரியது. 1960-களில் பட்டுப்பூச்சியின் தசைகளை ஆராய்ந்தபோது லாக்ஷின், வில்லியம்ஸ் இருவரும் பயன்படுத்திய பெயரின் தமிழ் அது. ஒரு சிறு புழுவின் வளர்ச்சியில் உண்டாகும் 1,090 உடலணுக்களில் குறிப்பிட்ட 131 மட்டும் குறிப்பிட்ட நேரத்தில் போய்விடுகின்றன. அங்கே 'திட்டம்' என்ற சொல் அழகாகப் பொருந்தும். ஆனால் நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ் என்று வீங்கி வெடிக்கும் திட்டமிட்ட இறப்புகளும் இருக்கின்றன. பொதுப்பெயரை ஒரு வகைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவற்றை எங்கே வைப்பது? 'தன்மடிவு' என்றும் எழுதப்படுகிறது. சுருக்கமான சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தத் 'தன்' மறுபடியும் பழைய இடத்துக்கே இழுக்கிறது. பழந்தமிழில் 'வீ' என்ற சொல் இருக்கிறது. பெயராக வந்தால் உதிர்ந்த பூ, வினையாக வந்தால் சாதல். குறளின் 'வீயாது' இதன் எதிர்மறைதான். அப்போப்டோசிஸுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியிலும் கிடைக்காது என்று ஆசை வந்தது. ஆனால் இன்று படிப்பவருக்கு 'வீவு' என்று எழுதினால் புரியாது. தூய்மைக்காகப் புரிதலைப் பலிகொடுக்க எனக்கு மனமில்லை.

உதிர்வுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை என்றதுமே 'முடி உதிர்வு' நினைவுக்கு வரும். தோலிலிருந்து செல்கள் உதிர்கின்றன என்றும் எழுதுகிறோம். குழப்பம் வராதா? முதல் தடவை 'உயிரணு உதிர்வு' என்று முழுதாக எழுதிப் பக்கத்தில் அப்போப்டோசிஸ் என்று போட்டுவிட்டால் வராது. தோலுக்கு 'உரிதல்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

உவமையைப் பொருளாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பியை 1992-இல் ஜப்பானிய அறிவியலாளர் ஹோன்ஜோவின் ஆய்வகம் கண்டெடுத்தது. செத்துக்கொண்டிருந்த அணுக்களில் தென்பட்டதால் 'திட்டமிட்ட இறப்பு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் முக்கிய வேலை டி செல்லுக்குத் தடை போடுவது என்று பின்னால் தெரிந்தது. அந்தத் தடையை நீக்கும் சிகிச்சைக்குத்தான் 2018-இல் நோபல் பரிசு. அதை 'இறப்பு ஏற்பி' என்று தமிழில் எழுதினால் வாசகர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். இறப்பு ஏற்பி என்ற பெயருக்கு உரியது ஃபாஸ். கெர்ருக்கும் வைலிக்கும் பெயர் வேண்டியிருந்தபோது கிரேக்கம் தெரிந்தவரைப் போய்க் கேட்டார்கள். தமிழில் அறிவியல் எழுதுபவர் இலைக்கு என்ன சொல்வோம், பூவுக்கு என்ன சொல்வோம் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தத் தாளின் வரியை அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "உதிர்ந்துபோயிருக்கவேண்டிய புற்றணுக்களை ஒரு புரதம் பிடித்துவைத்திருக்கிறது. இந்த மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. அப்புறம் அவை தாமாக உதிர்ந்துவிடும்." அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, கணவரிடம் காட்டவேண்டும் என்று மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.