கார்க்காசோன் மதில்: மேலே பழசு, கீழே புதுசு

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். தாத்தா கட்டிய வீட்டைக் காட்டி, "இந்தச் சுவரைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசிடலாமா?" என்று கேட்பவர்களிடம் பிரான்சின் தெற்கில் இருக்கும் கார்க்காசோன் கோட்டை நகரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஓட் ஆற்றின் கரையில், மேட்டின் மேல் நிற்கிற ஊர். இரண்டு சுற்று மதில்கள், 52 கோபுரங்கள். 1209இல் சிலுவைப் படையிடம் வீழ்ந்தது. அப்புறம் பிரெஞ்சு அரசர் கைக்கு வந்து, 13ஆம் நூற்றாண்டில் வெளிமதில் எழும்பியது.

இரண்டு மதில்களுக்கும் நடுவே நடந்து போனால், வடபக்கத்து உள்மதிலில் ரோமானியர் காலத்து வேலை தெரியும். சின்னச் சின்னக் கற்கள், இடையிடையே செங்கல் வரிசை. அதற்கும் கீழே பார்த்தால் பெரிய பெரிய கற்கள். சுவரில் கீழே இருப்பதுதான் பழசு என்று நினைப்போம், இங்கே தலைகீழ். 13ஆம் நூற்றாண்டில் நடுவிலிருந்த நிலத்தை வெட்டிச் சமன் செய்தபோது ரோமானிய அஸ்திவாரம் வெளியே வந்துவிட்டது. அதற்கு அடியில் புதிதாகக் கல் கட்டித் தாங்கல் கொடுத்தார்கள். ஆயிரம் வருட இடைவெளி ஒரே சுவரில் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே ஒரு பூச்சு பூசியிருந்தால் இதை யார் படித்திருக்க முடியும்?

1659இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரனீஸ் ஒப்பந்தத்தால் எல்லை தெற்கே நகர்ந்தது; கோட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மதில்களுக்கு நடுவே ஏழை நெசவாளர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிக்கவே முடிவானது. உள்ளூர்க்காரர் குரோ-மேர்வியெய் விடாமல் போராடித் தடுத்தார். 1853இல் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுயூக் சீரமைப்பைத் தொடங்கினார்.

அவர் கோபுரங்களுக்குக் கூம்பு வடிவில் ஸ்லேட் கல் கூரை போட்டது இன்றும் விவாதம்தான். அது வட பிரான்சின் பாணி. பின்னாளில் ரோமானியக் கோபுரங்கள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டு ஓடு போட்டார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது, அந்த நெசவாளர் வீடுகள் அகற்றப்பட்டதுதான். அதுவும் அந்த ஊரின் வரலாறுதானே. ஆனாலும் அவர் கை வைக்காவிட்டால் பார்ப்பதற்கு மதிலே மிஞ்சியிருக்காது. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தச் சீரமைப்பையும் ஒரு காரணமாகச் சொன்னது.

சரி, சிமென்டுக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். கல் இணைப்புகளில் சிமென்ட் அடைத்தால் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே உப்பும் வரும். உப்பு கல்லுக்குள் பூத்து, முகப்பைச் செதில் செதிலாக உரிக்கும். பூச்சு மட்டும் கெட்டியாக நிற்க, பின்னால் கல் மாவாய் உதிர்ந்ததை நானே கையில் அள்ளியிருக்கிறேன்.

அதனால் உளி வைக்கும் முன் சுவரை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஓதம் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள்.