மணி பிளாண்டின் உயிர் கணுவில்

மணி பிளாண்ட் கொடியிலிருந்து ஓர் இலையை மட்டும் காம்போடு கிள்ளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். இரண்டு மாதம் ஆகியும் அது வாடவில்லை. அடியில் ஒன்றிரண்டு வேர்கூட விட்டிருந்தது. ஆனால் புது இலை வரவேயில்லை. அதே நாளில் அதே கொடியிலிருந்து வெட்டி, பக்கத்து பாட்டிலில் வைத்த துண்டு அதற்குள் இரண்டு இலை விட்டுவிட்டது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு கணு.

கொடியைக் கையில் எடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு கோடு ஓடும். அதுதான் கணு. அதை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் சின்ன முண்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது காற்று வேர். காம்பின் அடியில், தேடினால்தான் தெரியும் அளவுக்கு ஒரு துளிர் மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். இலை, வேர், துளிர் என்று ஒரு செடிக்கு வேண்டியதெல்லாம் விரல் நகம் அளவு இடத்தில் தயாராக இருக்கிறது. தனி இலைக்கு அந்த மொட்டு இல்லை. அதனால்தான் அது உயிரோடு இருந்ததே தவிர, கொடியாகவில்லை.

இந்தச் செடிக்குக் கணுவை விட்டால் வேறு வழியும் கிடையாது. மணி பிளாண்ட் பூத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? பூப்பதற்கு ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் தேவை. அதை உருவாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து ஜிப்ரெலினைத் தெளித்தபோது செடி பூத்தது! பசிபிக் பெருங்கடலின் மோரியா தீவைச் சேர்ந்த இந்தக் கொடி உலகம் முழுக்க வீடுகளுக்குள் வந்தது விதையால் அல்ல, வெட்டிய துண்டுகளால்தான். எனக்கு இது இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

சரி, கொடி தொங்கத் தொங்க இலைகள் ஏன் சிறுத்துப்போகின்றன? இது பிறவியிலேயே ஏறுகொடி. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் வரை ஏறும். உயரத்தில் இலைகள் ஒரு மீட்டர் நீளம்கூட வளர்ந்து, ஓரங்கள் கிழிந்து, வேறு ஏதோ செடிபோலத் தெரியும். காற்று வேர் எதையாவது பற்றி மேலே போகும்போதுதான் அந்தப் பெரிய இலைகள் வரும். பற்ற எதுவும் கிடைக்காமல் தொங்கும் கொடி, மரத்தைத் தேடும் நிலையிலேயே இருந்துவிடுகிறது. தேடுகிற கொடிக்கு இலையைவிட நீளம் முக்கியம். ஆகவே தொங்கவிட்டால் சின்ன இலை, நார் சுற்றிய கம்பில் ஏற்றி நாரை ஈரமாக வைத்தால் பெரிய இலை. இரண்டுமே அழகுதான்.

மரத்தில் ஒட்டி வாழும் வேருக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும். தொட்டியில் நாம் கெடுப்பது அதைத்தான். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் இடுக்குகளை எல்லாம் தண்ணீர் நிரப்பிவிட்டால், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடக் கிட்டத்தட்ட 10,000 மடங்கு மெதுவாகத்தான் வேரைச் சேரும். மூச்சுத் திணறிய வேரைப் பூஞ்சை பிடிக்கும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. உடனே இலை துவளும். துவண்டதைப் பார்த்து, பாவம், தாகம் என்று மறுபடியும் தண்ணீர் ஊற்றுவோம். கவனிப்பு குறைந்ததால் செத்த மணி பிளாண்டைவிட இப்படி அன்பால் செத்ததுதான் அதிகம் என்பேன். துவண்டால் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலையில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் நின்றால் பயப்பட வேண்டாம். இரவில் வேர் மேலே தள்ளிய நீர், நுனியிலுள்ள நுண்துளை வழியே கசிந்திருக்கிறது.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர் வெயில் இலையைக் கருக்கும்; ஜன்னல் ஓரத்து வெளிச்சம் போதும். இருட்டு மூலையிலும் சாகாது, ஆனால் புது இலைகளில் மஞ்சள் தீற்றல் குறைந்துவிடும்.

அப்புறம், பலர் வருத்தப்படும் விஷயம்: கொடி ஆள் உயரம் தொங்கும், ஆனால் தொட்டிப் பக்கம் மொட்டையாக இருக்கும். கொடியின் நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருப்பதால் பின்னால் உள்ள மொட்டுகள் விழிப்பதில்லை. நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கி, வெட்டுக்குக் கீழே உள்ள மொட்டு துளிர்க்கும். வெட்டிய துண்டிலோ, இறங்கி வரும் ஆக்சின் அடியில் தேங்கி, கணுவிலுள்ள வேரைத் தூண்டிவிடும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் வெட்டியதும் கையைக் கழுவிவிடுங்கள். குழந்தைகளுக்கும் பூனை, நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள், கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.

துண்டுகளைத் தண்ணீரில் வைத்தால், வேர் ஒரு விரல் நீளம் வந்ததுமே மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது. தண்ணீரிலேயே நீண்டுபோன வேருக்கு மண் பழக நாளாகும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணைச் சற்று ஈரமாகவே வைத்திருங்கள். வேறு தொட்டி தேட வேண்டாம். மொட்டையாக நிற்கும் அதே தொட்டியில், தாய்க்கொடியின் காலடியிலேயே கணு மண்ணுக்குள் இருக்கும்படி நான்கைந்து துண்டுகளை ஊன்றிவிடுங்கள்.